பத்து எண்ணும்வரை பொறுக்கிறவர்

கயல் கண்ணு,

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான உங்கள் மையத்துக்குத் தனியாக பஸ்ஸில் வந்துபோகப் பழகியவர்களைக் கொண்டே மற்றவர்களையும் பழக்கப்போவதாக எழுதியிருந்தாய். யாரை வழிகாட்டியாகப் போடுவது என்று கேட்டாயே, பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் முந்துகிறவரைப் போடாதே. பக்கத்தில் இருப்பவர் யோசிக்கும் நேரம் அவருக்குப் பொறுக்காது; அவருடைய மாற்றுத்திறனாளி அட்டையைத் தானே எடுத்து நீட்டி, சீட்டையும் தானே வாங்கிவிடுவார். மனசுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா நிற்கிறவர் வேண்டும். தப்பான பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்த அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது. 29சி பஸ் என்றால் நாம் 29 என்ற எண்ணைக் காட்டுவோம். அவரோ பின்னால் இருக்கும் 'சி'யைக் காட்டுவார். மின்பலகையில் எழுத்து ஓடி எண் திரும்ப வரும்வரை பார்க்கவும் சொல்வார்.

ஜோடி சேர்க்கும்போது ஒன்றைக் கவனி. சென்னை பஸ்ஸில் இடப்பக்கம் பெண்கள் இருக்கை. ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் பக்கத்தில் உட்கார முடியாது.

பயணத்தை ஆறு துண்டாக்கு: நிறுத்தத்துக்கு நடப்பது, எண் பார்ப்பது, ஏறுவது, அட்டையைக் காட்டிக் கட்டணமில்லாச் சீட்டு வாங்குவது, இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே எழுவது, இறங்கி மையத்துக்கு நடப்பது. (அந்தச் சீட்டு சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான், ஏசியில் செல்லாது.) கடைசித் துண்டிலிருந்து தொடங்கு. முதல் வாரம் மற்றதையெல்லாம் வழிகாட்டி செய்யட்டும், இறங்கி நடப்பது மட்டும் புதியவர் பொறுப்பு. அது நிலைத்த பிறகு அதற்கு முந்தைய துண்டு. தினமும் வந்துசேர்ந்தது தன் காலால்தான் என்று தெரியும்.

துண்டுக்கு ஒரு போட்டோ எடுத்து வளையத்தில் கோத்துக் கொடு. எந்தப் பக்கம் உட்காருவாரோ அந்த ஜன்னலிலிருந்து எடுக்கணும். சினிமா போஸ்டர் அடையாளமாகாது, வெள்ளிக்கிழமை மாறிவிடும். தண்ணீர்த் தொட்டியோ கோபுரமோ மாறாது.

"புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது என்பதை வழிகாட்டிக்குப் பழக்கு. எல்லாரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். "அடுத்து என்ன?" என்று கேட்கட்டும். வழிகாட்டி முதலில் பக்கத்தில், பிறகு இரண்டு இருக்கை பின்னால், பிறகு இறங்கும் நிறுத்தத்தில் நிற்கட்டும். இந்த விலகலை நீ தேதி போட்டு எழுதி வைக்காவிட்டால் நடக்காது. இருவருக்கும் சேர்ந்து போவது பிடித்துப்போகும். வழிகாட்டி லீவு போட்ட அன்று புதியவரும் வீட்டில் இருந்துவிடுவார்.

இன்னொரு கோளாறு, வழிகாட்டி குட்டி டீச்சராகி அதட்டுவது. நம்மிடம் கற்றதுதான் அது. வழிகாட்டிகள் மட்டும் மாதம் ஒருமுறை கூடிப் பேசட்டும், நீ பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார். 1974ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இதே குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கி, அதற்கு 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள், முதலில் நாங்கள் மனிதர்கள் என்ற பொருளில். கூட்டத்தை நடத்தியதும் அவர்கள்தான்.

வழிகாட்டும் நேரத்துக்குச் சம்பளம் போடு, சாக்லேட் கொடுத்து முடிக்காதே. பதினெட்டு தாண்டியவர் என்றால் பெற்றோர் கையெழுத்துக்கு முன் அவர் சம்மதம் கேள். இவர் வேண்டாம், வேறு ஆள் வேண்டும் என்று சொல்லவும் வழி இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதே. தண்ணீர் தேங்கினால் பஸ் சுற்றிப் போகும், போட்டோ எதுவும் உதவாது. பொங்கல் கழித்துத் தொடங்கு.

அம்மா