முன் டயரைப் பின்னால் மாற்றினால் ஆட்டம் போய்விடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் 31 வருடம் லாரி, பஸ் டயர் கழற்றி மாட்டியவன் நான். போன மாதம் மகள் வீட்டுக்குப் போக, மாதவரம் பஸ் நிலையத்தில் நெல்லூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். பெயர் வேண்டாம். முன் சக்கரத்துக்கு நேர் மேலே சீட்.

செங்குன்றம் வரை ஒன்றும் தெரியவில்லை. காரனோடை தாண்டி வண்டி 70-ஐத் தொட்டதும் கால் வைத்த தகடு அதிர ஆரம்பித்தது. கையிலிருந்த பாட்டிலில் தண்ணீர் நடுங்கியது. சூலூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோது இறங்கி இடது முன் டயரைத் தடவினேன். ஒரு சாண் இடம் மழமழவென்று, அடுத்த சாண் பள்ளம், மறுபடி மேடு. இப்படித் தேய ஷாக் அப்சார்பரும் காரணமாகலாம். ஆனால் டயர் மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரமான டிஸ்கின் விளிம்பில், அழுக்கு அதிகம் படியாமல் பளிச்சென்று ஒரு விரல் நீளத் தடம் இருந்தது. சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க மாட்டும் சிறு எடையான பேலன்சிங் வெயிட் விழுந்துபோன இடம் அது.

டிரைவர் தம்பியிடம் காட்டினேன். “கொஞ்ச நாள் முன்னாடிதான் பஞ்சர் போட்டாங்கண்ணே. கை மரத்துப் போவுது. முதலாளிகிட்ட சொன்னா, அந்த டயரைப் பின்னால மாத்திக்கலாம்ன்றாங்க” என்றார்.

எனக்கு வயிற்றெரிச்சலே அந்தக் கடைசி வார்த்தைதான். பின்னால் மாற்றினால் டிரைவரின் கைக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆட்டம் அப்படியே இருக்கும். பேரிங்கைத் தின்னும், பின்னால் பக்கத்திலேயே மாட்டியிருக்கும் ஜோடி டயரையும் சேர்த்துக் கெடுக்கும், கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் முதுகில் இறங்கும்.

பஸ் டயர் டிஸ்க்கோடு சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ. அதில் 100 கிராம் ஒரு பக்கம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று முதலாளிகள் கேட்பார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்கு 7 சுற்று சுற்றுகிறது. விளிம்பில் கூடுதலாக இருக்கும் அந்த 100 கிராம், ஒவ்வொரு சுற்றிலும் 5 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. அதனால்தான் மூலக்கடை நெரிசலில் ஊர்ந்துபோகும் வண்டியில் இந்தக் கோளாறு தெரிவதில்லை. ஹைவேயில் ஏறியதும் காட்டிக்கொடுக்கிறது. நம் பக்கத்து மழைக்காலச் சேறு டிஸ்கின் உள்பக்கம் அப்பிக் காய்ந்தாலே போதும், அதுவும் எடைதான். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிய ரீபட்டன் டயரில் ரப்பர் ஒரு பக்கம் தடித்திருந்தாலும் இதே கதை.

பஞ்சருக்குக் கழற்றும்போது வால்வுக்கு நேரே டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டால், திரும்ப அதே இடத்தில் மாட்டலாம். என்னிடம் வேலை கற்ற பையன்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். இடம் மாறி உட்கார்ந்தால் பழைய பேலன்சிங் செல்லாது. கோடு போட்டாலும், ஹைவே போகும் வண்டியின் முன் டயரை மெஷினில் ஒருமுறை பார்த்துவிடுவதே சரி. ஆனால் கார் டயர் மெஷின் இந்த எடையைத் தாங்காது. பெரிய மெஷின் இருக்கும் கடையைத் தேடிப் போக வேண்டும், அதற்குள் டிரிப் நேரம் வந்துவிடும். பையன்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது டயரின் பட்டன் (மேல்பள்ளங்களின்) ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நல்லது. நான் வேலை பார்த்த காலத்தில் சக்கரம் பேலன்ஸ் ஆகியிருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆந்திரா பக்கம் போகும் பஸ்கள் கிளம்பும் மாதவரத்திலேயே கனரக வண்டிகளுக்கான பேலன்சிங் மெஷின் ஒன்றை வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக் கொடுக்கப் போக்குவரத்துத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்டீரிங் ஆடுகிறது என்று டிரைவர் சொன்னால், அதை டிரிப் ஷீட்டில் எழுதி, சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்க முதலாளிகள் அனுமதிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற டயர் ஃபிட்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81