சென்னை – மதுரை 32 நிமிடமாம்! டிக்கெட் தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

விமான டிக்கெட் தளங்களையும் செயலிகளையும் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். அதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, "பறக்கும் நேரம் 32 நிமிடம்" என்று உங்களில் சிலர் கூசாமல் போடுகிறீர்கள். கணக்கு சரி. அப்படிப் பறக்கத்தான் விமானம் கிடையாது. 35,000 அடி உயரத்தில் போகும் ஜெட், தரையிறங்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் பிடிக்கும். முழு வேகத்தில் பறக்க மீதி என்ன இருக்கிறது? மீனம்பாக்கத்தில் கடற்காற்று அடித்தால் கிழக்கே ஏறி, அப்புறம்தான் தெற்கே திரும்ப வேண்டும். ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானமென்றால் கேட்கவே வேண்டாம். அதன் வேகமே மணிக்கு 500 சொச்சம்தான்.

விமான நிறுவனங்களின் அட்டவணை பரவாயில்லை. ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போடுகிறார்கள். அது விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மதுரையில் போய் நிற்கும்வரையான நேரம். 15 நிமிடத் தாமதம்வரை 'சரியான நேரம்' என்றே கணக்கு என்பதும், அதற்கும் மேலே அவர்கள் கொஞ்சம் தாராளமாக நேரம் சேர்த்துக்கொள்வதும் தெரிந்ததே. போகட்டும்.

என் சண்டை அதற்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்பே, பெட்டியை ஒப்படைக்கும் செக்-இன் கவுன்ட்டர் மூடிவிடும். 25 நிமிடம் முன்பு விமானத்துக்குள் விடும் வாயிலும் மூடிவிடும். காலை 6 மணி விமானத்துக்குப் பெரம்பூரிலிருந்து வருகிறவருக்கு முதல் மெட்ரோவும் உதவாது. மூன்றரைக்கு எழுந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். கவுன்ட்டர் மூடும் அந்த ஐந்து மணியை நீங்கள் எங்கே போட்டிருக்கிறீர்கள்? கட்டணத்துக்குக் கீழே, விதிமுறைகளைத் தட்டினால் திறக்கும் பொடி எழுத்தில். ஐந்தேகாலுக்குப் பெட்டியும் பலகாரக் கூடையுமாக வந்து நின்று, "இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கேம்மா" என்று கவுன்ட்டர் பெண்ணிடம் கெஞ்சுகிற குடும்பத்தை எந்த விமான நிலையத்திலும் பார்க்கலாம். அந்தப் பெண் என்ன செய்வார், பாவம்.

இத்தனைக்கும் காத்திருப்பைக் கணக்கில் சேர்க்க உங்களுக்குத் தெரியாமல் இல்லை. பெங்களூரு வழியாகப் போகும் விமானமென்றால் நடுவில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரத்தையும் சேர்த்தே மொத்த நேரம் காட்டுகிறீர்கள். நேரடி விமானத்தில், ஏறுவதற்கு முன் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் கை வரவில்லை.

இது தெரியாமல்தான் பலர் ரயிலை ஏளனமாகப் பார்க்கிறார்கள். 2019-இல் வந்த தேஜஸ் எக்ஸ்பிரஸ், எழும்பூரிலிருந்து ஆறரை மணி நேரத்தில் மதுரையில் விடுவதாக அறிவிக்கப்பட்டது. இறங்கினால் ஊரின் நடுவில் நிற்கலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். விமான நிலையமோ ஊருக்கு வெளியே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் விமானத்துக்கே நான்கைந்து மணி நேரம் ஆகிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் பகலில் ஒரு நிமிடம்கூடச் செலவில்லை. அவசரத்துக்கு விமானம்தான், மறுக்கவில்லை. அது எவ்வளவு அவசரத்துக்கு உதவும் என்று தெரிந்து காசு கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அந்த 32 நிமிடத்தை எடுத்துவிடுங்கள். புறப்பாடு 6:00 என்று போடும் அதே வரியில், அதே அளவு எழுத்தில், கவுன்ட்டர் மூடுவது 5:00 என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
அடிக்கடி மதுரைக்குப் போகும் ஒரு பயணி