கடைசியில் வர வேண்டிய கேள்வி: தொழிற்கூட மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்கூடங்களை நடத்துபவர்களுக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம். விபத்து நடந்ததும் உங்களில் பலர் முதலில் கேட்பது, "ஹெல்மெட் போட்டிருந்தாரா, கிளவுஸ் போட்டிருந்தாரா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஆபத்தைக் கட்டுப்படுத்த ஒரு வரிசை இருக்கிறது. நீங்கள் பயிற்சி வகுப்புகளில் படித்ததுதான். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தீங்கு குறைந்த பொருளுக்கு மாற வேண்டும். அப்புறம் தடுப்பு, மூடி, புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதி. அதற்கும் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும். ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் கடைசி. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. கிளவுஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தொழிலாளியின் தலையில் விழுந்துவிடுகிறதே! சுழலும் டிரில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் அதே கிளவுஸ் சிக்கிக் கையையே உள்ளே இழுத்துவிடும் என்பதையும் யோசியுங்கள்.

பெட்டிகளை நகர்த்தும் ஓடும் பட்டையான ஒரு கன்வேயரை எடுத்துக்கொள்வோம். உருளையை மூடியிருக்க வேண்டிய தகடு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கழற்றியவரைத் திட்டுவது சுலபம். ஏன் கழற்றினார்? அட்டைப்பெட்டி அடிக்கடி சிக்குகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அன்றைய டார்கெட் முடியாது. சரி, பெட்டி ஏன் சிக்குகிறது? கன்வேயர் ஒரு பக்கமாக இழுக்கிறது. அதைச் சரிசெய்தால் உள்ளே கை விட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. கீல் வைத்த மூடியைப் போட்டு, திறந்தவுடன் மெஷின் நிற்கும்படி இன்டர்லாக் வைத்தால் மீதி ஆபத்தும் அடங்கும். இவ்வளவும் அந்த இடத்தில் வேலை செய்பவரிடம் பேசினாலே தெரிந்துவிடும்.

பழுது பார்க்கும் வேலையில் சமரசமே வேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் போதாது; தெரியாமல் இன்னொருவர் போட்டுவிடுவார். வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் அணைத்த சுவிட்சில் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். பூட்டிய பிறகும் குழாயில் அடைபட்ட காற்று, கெபாசிட்டரில் நிற்கும் மின்சாரம், தூக்கி நிறுத்திய பாரம் ஆகியவை ஆளைக் கொல்லும். அவற்றை வெளியேற்றி, இறக்கி, பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

தொட்டிக்குள் இறங்கும் வேலை இன்னும் கொடியது. சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே காற்றை நம்பி யாரும் இறங்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவர் அப்போதுதான் பெரிய ஆபத்தில் இருக்கிறார். விழுந்தவரைத் தூக்க ஓடி இறங்கும் நண்பரும் அங்கேயே சாகிறார். மீட்கும் ஏற்பாடு மேலே தயாராக இல்லாமல் ஒருவரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

கசியும் குழாய்க்குக் கீழே மாதக்கணக்கில் நிற்கும் 'வழுக்கும்' என்ற எச்சரிக்கைப் பலகையை எடுத்துவிட்டுக் குழாயைச் சரிசெய்யுங்கள். ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையிலிருந்து விலகினால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 155-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் இடத்தில் "இது ஆபத்து, நிறுத்துகிறேன்" என்று ஒருவர் சொன்னால் சூப்பர்வைசர் என்ன செய்வார்? பதில் தெரியாவிட்டால் இந்த வாரமே ஷிப்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் காட்டும் ஆபத்துகளை எழுதி, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். குறை சொன்னவரின் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
இயந்திரங்களோடு வேலை செய்யும் ஒருவர்