மேஜர் சரவணனைப் பற்றி உனக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அப்பா சொன்னார், சந்தோஷம். ஒரு விஷயம் சொல்லணும், போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம்ம திருச்சி மேஜர் சரவணனை உனக்கு கன்டோன்மென்ட்டில் இருக்கிற நினைவுச் சின்னமாகத்தான் தெரியும். எனக்கு அவர் 1999-இல் கார்கில் போர் நடந்தபோது பேப்பரில் பார்த்த பையன். ஆமாம், பையன்தான், 26 வயது. ஜோசப் காலேஜில் படித்து, நீ இப்போது இருக்கிற அதே அகாடமியில் பயிற்சி முடித்து, பிஹார் ரெஜிமென்ட்டுக்குப் போனவர்.

அந்த வருஷம் மே 29, கார்கில் பக்கம் பட்டாலிக்கில் ஜுபார் மலை, ஏறக்குறைய 14,000 அடி. மேலே பங்கருக்குள் இருப்பவனுக்கு ஏறி வருகிற ஆள் தெரியும், ஏறுகிறவனுக்கு ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. அங்கே நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குமாம், இவர்கள் ஆயுதத்தையும் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறார்கள். காயம்பட்ட பிறகு கீழே வரச் சொல்லியும் அவர் வரவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தவர் அங்கேயே விழுந்தார்.

என் மனசை இன்னும் அறுப்பது அதற்கு அப்புறம் நடந்ததுதான். எதிரி சுட்டுக்கொண்டே இருந்ததால் உடலை எடுக்க முடியவில்லை. ஜூன் மாதம் முழுக்கப் பனியிலேயே கிடந்து, ஜூலையில்தான் கீழே வந்தது. நம் ஊரில் எடுக்கிறவரை அடுப்பு மூட்டமாட்டோம், அப்புறம் பால் தெளிப்பது, பதினாறாம் நாள் காரியம் என்று துக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மகன் செத்துவிட்டான் என்று தெரியும், ஆனால் முகம் பார்க்கவில்லை, அப்படி இருந்த ஒரு தாய்க்கு எந்த நாள் முதல் நாள், சொல்லு. அந்த ஜூனில் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான் வரும், அவர்களை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

வீர சக்கரம் கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் வந்தால் எல்லோரும் வீரமரணம் என்று பேசுகிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் கார்கிலில் உயிர்விட்ட 527 பேரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது, ஒவ்வொருவனும் ஒரு வீட்டுப் பிள்ளை என்பது காணாமல் போய்விடுகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட இதை எழுதவில்லை தம்பி. நீ ஆசைப்பட்டுப் போன வேலை, நானும் முழு மனசோடுதான் அனுப்பினேன். பயமாக இருக்கிறது, அதையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

அங்கே பிஹார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், மரியாதையாகப் போய்ப் பேசு. எப்படிச் செத்தார் என்று கேட்காதே, அது எல்லோருக்கும் தெரியும். எப்படிப்பட்ட ஆள், எதற்குச் சிரிப்பார், கூட இருந்த ஜவான்களிடம் எப்படிப் பழகுவார், அதையெல்லாம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா