கடைவீதியில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு வழி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
சைக்கிள் கடைக்காரர்,
மாரியம்மன் கோயில் முக்கு, கடைவீதி.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: கடைவீதியில் வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனி வழி அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடைவீதி எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தங்கள் காரும் அந்த வழியாகத்தான் போய் வருகிறது. கோயில் முக்கில் பஞ்சர் ஒட்டும் கடை என்னுடையது, 26 வருடமாக அதே இடம். பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள், பால்காரர், பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் என்று இந்த வீதியில் ஓடும் சைக்கிள் எல்லாம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் என் கைக்கு வந்துவிடும்.

முதல் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். இரண்டாவது மனுவுக்குப் பிறகு இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்து, என் கடை வாசலில் மஞ்சள் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குறி இன்னும் அழியவில்லை, நல்ல பெயிண்ட். மூன்றாவது மனு கொடுத்த பத்தாம் நாள், நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது என்று போனுக்குச் செய்தி வந்தது. வெளியே வந்து பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே மறுபடியும் பணிவோடு எழுதுகிறேன்.

1. வீதி சுவருக்குச் சுவர் 60 அடி. கிழக்குப் பக்கம் கார் ஒரு வரிசை. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜனம் வந்தால் இரண்டு வரிசை. மேற்கே பைக்குகள். மிச்சமிருக்கிற நடு ரோட்டில்தான் டவுன் பஸ், டெம்போ, ஆட்டோ, சைக்கிள், நடக்கிறவர்கள் எல்லாரும்.

2. நடைமேடை ஒன்று இருக்கிறது. சாக்கடை மேல் சிலாப் போட்டு ஒன்றரை அடி உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். சாலைகளுக்கு அளவுமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டியில், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அதாவது அரை அடி. முட்டி வலிக்காரர் எவரும் எங்கள் நடைமேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. ஏறுவதெல்லாம் பைக்தான், அதற்கு மட்டும் கடைக்காரர்கள் சாய்வாகத் தளம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

3. தயவுசெய்து இதை முழுதாகப் படிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள நூறு தப்படி தூரம்தான் என் மனுவே.

பிளஸ் 1 சேரும் பிள்ளைக்கு அரசாங்கம் விலையில்லாமல் சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம். காட்டுக்குள் இருக்கிற வீட்டிலிருந்து நாலைந்து மைல் மிதித்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனை தூரமும் பத்திரமாக வந்துவிட்டு, இந்த நூறு தப்படியில் விழுகிறார்கள். எப்படி என்றால், இடது பக்கம் வரிசையாகக் கார். வலது பக்கம் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பிள்ளை காரை ஒட்டி ஒதுங்கும். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பார். இடப்பக்கம் சாய்ந்தால் கதவு, வலப்பக்கம் சாய்ந்தால் பஸ் சக்கரம். இதுவரை எல்லாரும் கதவுப் பக்கமே விழுந்திருக்கிறார்கள் ஐயா. கோயில் வாசலில் கடை வைத்திருப்பதால் அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை நாளைக்கு?

விழுந்த சைக்கிள் என்னிடம் வரும். போர்க் வளைந்திருக்கும், முன் ரிம் எட்டுப் போட்டிருக்கும். போன ஐப்பசியில் ஒரு பிள்ளை வந்தது. முழங்கையில் தோல் உரிந்து, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. "மாமா, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க, வூட்டுக்குத் தெரியக் கூடாதுங்க" என்றது. ஏன் என்றேன். தெரிந்தால் அப்பா சைக்கிளை வாங்கி வைத்துவிடுவாராம். அவர்கள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ், அதுவும் நினைத்தால்தான் வரும். சைக்கிள் இல்லையென்றால் படிப்பு இல்லை. நானும் வேலையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு மூன்று மணிக்குள் சரி செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்தப் பிள்ளை ஒருத்தி அல்ல. இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கென்றே இரண்டு பழைய ரிம் தனியாக மாட்டி வைத்திருக்கிறேன். என் தொழிலுக்கு வருமானம்தானே என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்கிறார். அந்த வருமானம் எனக்கு வேண்டாம்.

4. கார் நிறுத்த இடமில்லை என்றால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் தங்களிடம் சொல்வார்கள், ஏற்கெனவே சொல்லியும் இருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எந்தக் கார் யாருடையது என்று தெரியும். காலை பத்து மணிக்கு நிற்கும் கார்தான் ராத்திரி கடை அடைக்கும்போதும் நிற்கிறது. பெரும்பாலும் அவை முதலாளிகளுடையவை. வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் செய்வது யார் என்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மறைப்பானேன், என் எக்ஸ்எல் மொபெட்டும் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றது, இப்போது கோயில் பின்சந்தில் விடுகிறேன். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட 15 நாளும் வீதியில் ஒரு வண்டி நிற்க விடுவதில்லை. அந்த நாட்களில் எந்தக் கடையும் ஈ ஓட்டவில்லை. வீதி எவ்வளவு அகலம் என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிகிறது.

5. சரி, குறை மட்டும் சொல்லவில்லை, கணக்கும் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் 8 அடி நடைமேடை, 16. அதை ஒட்டி இரண்டு பக்கமும் ஆறரை அடி சைக்கிள் பாதை, 13. கிழக்கே மட்டும் 7 அடியில் வாகன நிறுத்தம். அதற்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் 2 அடித் திட்டு, கார்க் கதவு திறக்க. மீதி 22 அடி. பஸ் அகலம் எட்டரை அடி, எதிரெதிரே இரண்டு தாராளமாகப் போகும். கூட்டிப் பாருங்கள், 60 வரும். நிறுத்தத்தில் பாதியை இருசக்கர வண்டிக்குக் கொடுத்தால், ஒரு கார் நிற்கும் 18 அடியில் ஏழு வண்டி நிற்கும். முதல் அரை மணி இலவசம், அப்புறம் மணிக்கணக்கில் கட்டணம் என்று வைத்தால் முதலாளிகளின் கார் தானாக வேறு இடம் தேடும். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் நடைமேடையை அகலப்படுத்தியிருக்கிறார்கள், சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் செய்தார்கள். அவ்வளவு பெரிதாகக் கூட வேண்டாம். கல் பெஞ்சும் வண்ண விளக்கும் நாங்கள் கேட்கவில்லை.

6. இந்த மனுவைக் காரணம் காட்டி வெள்ளரிக்காய் விற்கும் ஆத்தாவையும் பூக்காரம்மாவையும் விரட்ட வேண்டாம். போன தடவை ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்தவர்கள் தள்ளுவண்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நின்ற கார்களைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க 2014-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

7. போலீஸிடம் கேட்டால் மாநகராட்சி, மாநகராட்சியில் கேட்டால் போலீஸ். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, தடையில்லாத நடைபாதை உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் வரும் உரிமை என்று சொல்லிவிட்டது. இனி நான் யாரிடம் போக?

8. மொத்த வீதிக்கும் பணம் இல்லையென்றால் அந்த நூறு தப்படி மட்டும்.

9. அதுவும் முடியாது என்றால் பள்ளி விடும் நேரமும் தொடங்கும் நேரமும் மட்டுமாவது கிழக்குப் பக்கம் கார் நிற்காமல் செய்யுங்கள். நாலு இரும்புத் தடுப்பும் ஒரு ஆளும் போதும். ஆள் இல்லையென்றால் நான் நிற்கிறேன்.

வார்த்தை எங்காவது தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். தாங்கள் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, காரில் இல்லாமல், கோயில் முக்கிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து வருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அன்றைக்கு மட்டும் கார்கள் காணாமல் போய்விடும். ஏழு மணிக்கே கடை திறந்திருப்பேன். டேப்பும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோயில் முக்கு சைக்கிள் கடைக்காரர்