மூன்று மாதம், ஒரே பேனா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'டேட்டா சயின்ஸ் அப்ரண்டிஸ்' என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. எண்களைத் திரட்டி, அலசி, அவை சொல்வதைக் கண்டுபிடிக்கப் பழகும் பயிற்சி வேலை. நான் பார்ப்பது அந்த வேலைதான். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, புதுச்சேரிப் பக்கம் ஒரு மருந்து ஆலைக்குப் போகிறேன். கிருமாம்பாக்கம் தாண்டும்வரை உட்கார இடம் கிடைப்பதில்லை. படித்தது பி.எஸ்சி. புள்ளியியல், சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதி மத்திய அரசு கொடுப்பது, அதாவது உங்கள் வாசகர்களின் வரிப்பணமும் அதில் இருக்கிறது. அதனால்தான் இதை வீட்டோடு புலம்பாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

டேட்டா சயின்ஸ் என்றால் கண்ணாடி அறை, இரண்டு மானிட்டர் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நான் முதல் நான்கு மாதம் செய்தது, பேட்ச் ரெக்கார்டுகளைப் பார்த்து எக்செல்லில் தட்டியது. ஒவ்வொரு பேட்ச் மருந்துக்கும் ஒரு கட்டுத் தாள் உண்டு. எந்தப் பவுடர் எவ்வளவு, யார் எடை போட்டது, யார் சரிபார்த்தது, மெஷின் எத்தனை மணிக்கு ஓடியது என்று எல்லாம் கையால் எழுதியிருக்கும். மூன்று வருடத்துக் கட்டுகள். 2023 டிசம்பரில் மருந்து உற்பத்தி விதிகளின் 'அட்டவணை எம்' திருத்தப்பட்டதிலிருந்து, ஒவ்வொரு மருந்தின் தரத்தையும் ஆண்டுதோறும் திரும்பிப் பார்த்து அறிக்கை எழுதியாக வேண்டும். அதற்கு எண்கள் வேண்டும்; எண்கள் தாளில் கிடக்கின்றன; தட்டுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

தட்டச்சு வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை. படித்த படிப்பு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே அந்தத் தாள்களில்தான். மாத்திரை அடிக்கும் மெஷினில் அரை மணிக்கு ஒருமுறை 20 மாத்திரையை எடுத்து எடை போடுவார்கள். சராசரி 250 மில்லிகிராமுக்கு மேல் உள்ள மாத்திரை என்றால், அந்த இருபதில் இரண்டு மாத்திரைக்கு மேல் சராசரியிலிருந்து 5 சதவீதத்தைத் தாண்டி விலகக் கூடாது. 10 சதவீதத்தை ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. எங்கள் தாள்களில் எதுவும் தாண்டவில்லை. ஆனால் பைத்தான் என்ற கணினி மொழியில் கண்ட்ரோல் சார்ட் (அளவுகள் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகின்றன என்று காட்டும் படம்) போட்டுப் பார்த்தபோது, ஒரு மெஷினில் மட்டும் எடை மெல்ல மெல்ல இறங்கி, பிறகு திடீரென்று ஏறி, மறுபடி இறங்குவது தெரிந்தது. (அமெரிக்காவில் ஷூஹார்ட் என்ற புள்ளியியல் அறிஞர் இந்த சார்ட்டை வரைந்தது 1924-இல். எங்கள் புத்தம் புது டேட்டா சயின்ஸுக்கு வயது நூறு தாண்டிவிட்டது.)

காற்றின் ஈரப்பதம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அதற்கும் ஒரு படம் போட்டேன். இரண்டும் ஒட்டவே இல்லை. கடைசியில் தொப்பி, மாஸ்க், ஓவர் கோட் எல்லாம் மாட்டிக்கொண்டு உற்பத்திப் பகுதிக்குள் போய் மெஷின் ஓட்டும் அண்ணனிடம் காட்டினேன். லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தார். (அவர் சொல்லும் ஹாப்பர், மெஷினுக்கு மேலே பவுடர் கொட்டி வைக்கும் தொட்டி.) "பாப்பா, ஹாப்பர்ல பவுடர் குறையக் குறைய எடை எறங்கும். ரொப்பினா ஏறும். எப்ப ரொப்பினோம்னு உன் கம்ப்யூட்டர்ல இருக்கா?" இல்லை. கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை. பதினைந்து வருடமாக அவர் கைக்குத் தெரிந்த விஷயம் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. அந்த ஒரு கட்டத்தைத் தாளில் சேர்க்க மாற்றக் கோரிக்கை எழுதி, நான்கு துறைகளில் கையெழுத்து வாங்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரம் எனக்கு எரிச்சலாக இல்லை. ஜனங்கள் விழுங்கும் பொருளுக்கு அவ்வளவு கெடுபிடி இருக்கத்தான் வேண்டும்.

அந்தக் கெடுபிடியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்களை உட்கார வைத்துச் சொன்னார்கள்: செய்தவர்தான் எழுத வேண்டும், செய்யும்போதே எழுத வேண்டும். பென்சில் கூடாது, வைட்னர் கூடாது, பின்தேதி போடவே கூடாது. தவறாக எழுதிவிட்டால் கீழே உள்ளது தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். ஒருமுறை என் 7, 1 மாதிரி இருக்கிறது என்று தர உறுதிப் பிரிவு மேடம் என்னைத் திரும்பக் கூப்பிட்டு அப்படித் திருத்த வைத்தார். எழுதாதது நடக்காதது என்பது அங்கே வேதவாக்கு.

வெற்றுக் கட்டத்துக்கும் அங்கே மரியாதை உண்டு. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் 30-க்கான தாள் என் கைக்கு வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டிய மழை அது. பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு, 'மின்சாரம் இல்லை, இயந்திரம் ஓடவில்லை', கையெழுத்து, தேதி. நான் தட்டிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

இதே ஆலையில், போன காலாண்டு முடிந்த அன்று, என் பயிற்சி முன்னேற்றப் பதிவு மேசைக்கு வந்தது. முதல் மாதம் பைத்தான், இரண்டாம் மாதம் மெஷின் லேர்னிங் (பழைய எண்களைக் காட்டிக் கணினியைக் கணிக்கப் பழக்குவது), மூன்றாம் மாதம் டேட்டா விஷுவலைசேஷன் (எண்களைப் படமாக்குவது). மூன்றுக்கும் 'மிக நன்று'. மூன்று மாதமும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே பத்து நிமிடம். மெஷின் லேர்னிங்கை எனக்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. பைத்தானை ராத்திரியில் வீட்டில் மொபைலைப் பார்த்துக் கற்றேன். "இங்க ஒரு சைன் போடும்மா, போர்டுக்கு அனுப்பணும்" என்றார்கள். (போர்டு என்றால் எங்கள் பயிற்சியைக் கவனிக்கும் அரசு வாரியம்.) போட்டேன். அதையும் மறைக்கவில்லை.

1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம், ஒவ்வொருவரின் பயிற்சி முன்னேற்றத்தையும் பதிந்து வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. அதே சட்டம் நாங்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் அல்ல என்றும் சொல்கிறது. தொழிலாளிக்கு உள்ளது கிடையாது, சரி; அப்படியானால் பயிற்சியாவது இருக்க வேண்டாமா? சோதிக்க வரும் அதிகாரிகள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு, மையையும் கொஞ்சம் பார்க்கட்டும். மாத்திரை எடைக்கு உள்ள விதியையே எங்களுக்கும் வைக்கலாம்: சொல்லிக் கொடுத்தவர் சொல்லிக் கொடுத்த அன்றே எழுதட்டும். எதுவும் கற்றுத் தராத மாதம் என்றால் குறுக்கே ஒரு கோடு போடட்டும். எனக்கு உண்மையிலேயே கற்றுக் கொடுத்த மெஷின் அண்ணன் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

வரும் திங்கள்கிழமை அடுத்த காலாண்டுத் தாள் வரும். கூட வேலை பார்க்கும் தோழி, "இந்த வாட்டி மூணு கலர் பேனாவாவது குடுத்து அனுப்பலாமாடி?" என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் அப்ரண்டிஸ்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.
(ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)