நெட்வொர்க் டிரைவர் எழுதுவோருக்கு: ட்ரூசைஸை உள்ளபடி எழுதுங்கள்

லினக்ஸ் கெர்னலுக்கு நெட்வொர்க் டிரைவர் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் டிரைவர்களின் வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பேச வந்தது ஒரே ஒரு எண்ணைப் பற்றி. கெர்னல் ஒரு பாக்கெட்டை வைத்துக்கொள்ளும் கட்டமைப்பான எஸ்.கே.பி. ஒவ்வொன்றிலும் ட்ரூசைஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது.

பாக்கெட்டில் எத்தனை பைட் தரவு இருக்கிறது என்பதை அதே எஸ்.கே.பி.யில் உள்ள லென் என்ற எண் சொல்லிவிடும். அந்தப் பாக்கெட்டுக்காக எவ்வளவு மெமரி முடங்கிக் கிடக்கிறது என்பதை ட்ரூசைஸ்தான் சொல்ல வேண்டும். எஸ்.கே.பி.யில் தரவுத் துண்டை (ஃப்ராக்மென்ட்) சேர்க்கும் ஃபங்ஷன்கூட இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. இரண்டுக்கும் லென்னையே கொடுத்துவிட்டுப் போனாலும் கம்பைலர் வாய் திறக்காது. சோதனையும் பாஸாகிவிடும். வம்பே அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூடிபி சாக்கெட்டின் ரிசீவ் பஃபர் வரம்பு, அதாவது படிக்கப்படாமல் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கான மெமரி வரம்பு, 212992 பைட் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரம்பைக் கெர்னல் ட்ரூசைஸை வைத்துத்தான் கணக்கிடும். பல கணினிகளில் இதுதான் டிஃபால்ட். வருவது 100 பைட் பாக்கெட், அதற்குப் போவதோ பேஜ் எனப்படும் 4096 பைட் மெமரித் துண்டு முழுவதும். ட்ரூசைஸில் உண்மையை எழுதினால் சுமார் ஐம்பது பாக்கெட்டிலேயே வரம்பு எட்டிவிடும், அதற்குமேல் வருவதைக் கெர்னல் தூக்கி எறிந்துவிடும். எல்லாம் சேர்த்து 500 பைட் என்று நீங்கள் எழுதினால் 425 பாக்கெட் உள்ளே போகும். பிடித்து வைத்திருப்பது 17 லட்சம் பைட்டுக்கு மேல். படிக்க வேண்டிய புரோகிராம் மந்தமாக இருந்தால் அத்தனையும் வரிசையில் அப்படியே நிற்கும். இதுபோல ஆயிரம் சாக்கெட் இருந்தால்? 1.7 ஜிபி, அதில் பெரும்பகுதி எந்தக் கணக்கிலும் வராமல். கடைசியில், மெமரி தீரும்போது புரோகிராம்களை நிறுத்தும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து சம்பந்தமே இல்லாத டேட்டாபேஸைக் கொன்றுவிட்டுப் போகும். விசாரணையில் உங்கள் டிரைவர் பெயர் வரவே வராது.

"உண்மையை எழுதினால், ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு அனுப்பலாம் என்று எதிர்முனைக்குச் சொல்லும் டிசிபி விண்டோ சுருங்கி வேகம் குறைகிறதே" என்பீர்கள். குறையத்தான் செய்யும். அதற்கு மருந்து வீணடிப்பைக் குறைப்பது, கணக்கை மாற்றி எழுதுவது அல்ல. சிறிய பாக்கெட்டைச் சின்ன பஃபருக்கு நகலெடுத்துவிட்டுப் பேஜை உடனே ரிங்குக்கு, அதாவது நெட்வொர்க் கார்டு பாக்கெட்டுகளை எழுதும் பஃபர்களின் வட்ட வரிசைக்கு, திருப்பலாம். காப்பிபிரேக் என்று பழைய டிரைவர்களே செய்வதுதான் இது. இன்டெல் கார்டுகளுக்கான இ1000இ டிரைவரில் அதன் டிஃபால்ட் எல்லை 256 பைட். பேஜை இரண்டாகப் பிரித்துப் பாக்கெட்டுக்கு 2048 பைட் கொடுப்பதும் சரிதான். ஆனால் ஒரு பாதி எங்காவது சிக்கிக்கொண்டால் மொத்தப் பேஜும் சிக்கியது போலத்தான். 32 கேபி மெமரித் துண்டிலிருந்து கிள்ளிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. அதை ட்ரூசைஸாலும் முழுதாகச் சொல்ல முடியாது.

அப்புறம், இதையொட்டி இன்னொன்று. புதுப் பஃபர் கிடைக்காதபோது வந்த பாக்கெட்டை மேலே அனுப்பிவிட்டு ரிங்கில் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பஃபரையே திரும்பப் போடுங்கள். ரிங் முழுக்கக் காலியானால் கார்டுக்கு எழுத இடமில்லை, பாக்கெட் வந்தது என்று சொல்லும் ரிசீவ் இன்டரப்ட் வராது, அதனால் ரிங்கை நிரப்பும் நிரலும் ஓடாது. மெமரி திரும்பக் கிடைத்தாலும் இன்டர்ஃபேஸ் ஊமையாகவே கிடக்கும்.

அடுத்த பேட்ச் அனுப்பும்போது ட்ரூசைஸை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பெரிய பாக்கெட்டில் எடுத்த வேகத்தோடு, 100 பைட் பாக்கெட்டும் மெதுவாகப் படிக்கும் புரோகிராமும் வைத்து எவ்வளவு மெமரி போனது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிரைவர்கள் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்